விலாசம் இல்லாத பணம்

பிரியாணிப் பொட்டலம், பரிசுக் கூப்பன், சாயாக்கடை நன்கொடை… பாலக்காடு, இடுக்கி எல்லையோரக் கல்லூரி அணிகள் இப்படித்தான் மைதானத்துக்குப் போகின்றன. இந்தப் பணம் எவ்வளவு தூரம் ஓடும்?

விடியற்காலை நாலு மணி. மண்டபத்தின் பின்கட்டில் மூன்று அடுப்பு எரிகிறது. லெஃப்ட் பேக் ஆடுகிற பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெங்காயம் உரிக்கிறான். கை நீளம் என்பதால் கரண்டி கோல்கீப்பர் வசம். கபடி ஆடும் பெண்கள் நாலு பேர் தரையில் உட்கார்ந்து ஊறுகாய்ப் பாக்கெட் எண்ணுகிறார்கள். பத்து மணிக்குத் தம் உடைத்தால்தான் பன்னிரண்டுக்குள் வங்கி, பஞ்சாயத்து ஆபீஸ், ஆட்டோ ஸ்டாண்ட், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் பொட்டலம் போய்ச் சேரும். இத்தனை பேரில் ஒருவருக்கும் அன்று காலைப் பயிற்சி கிடையாது. பயிற்சிக்குப் பணம் சேர்க்கத்தான் பயிற்சியை விட்டிருக்கிறார்கள்.

இதற்குப் பெயர் ‘பிரியாணி சேலஞ்ச்’. கொரோனாக் காலத்தில் கேரளம் முழுக்கப் பரவிய வசூல் முறை. ஒருவரின் சிகிச்சைக்கு, ஒரு வீட்டின் கூரைக்கு என்று தொடங்கியது, இப்போது கல்லூரி அணியின் ஜெர்சி வரை வந்து நிற்கிறது. மலையாளத்தில் வசூலுக்குப் ‘பிரிவு’ என்று பெயர். நம் காதுக்கு அது வேறு மாதிரி கேட்கும். வசூல் முடிந்து கணக்குப் பார்க்க உட்காரும்போது இரண்டு அர்த்தமும் சரியாகத்தான் இருக்கும்.

எனக்கும் அந்த அனுபவம் உண்டு. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் எங்கள் கல்லூரிக் கால்பந்து அணிக்காக நாற்பது கடை ஏறி இறங்கியிருக்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று, அதில் பெயரும் தொகையும். ரசீது என்ற ஒன்று இருக்கிறது என்பதே எங்களுக்குத் தோன்றவில்லை. பஸ் ஸ்டாண்ட் ஓரம் சாயாக்கடை வைத்திருந்த அண்ணன் கல்லாவின் அடியிலிருந்து இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து நீவிக் கொடுத்தார். அடுத்த வருஷம் அதே நோட்டோடு போனபோது கடை வீதி முழுக்க ஒரே கேள்வி: “போன வருசக் கணக்கு எங்க தம்பி?” எங்களிடம் பதில் இல்லை. யாரும் பணத்தைத் தின்னவில்லை. எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பொட்டலக் கணக்கு

ஒரு பொட்டலம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அரிசி, கோழி, எண்ணெய், டப்பா, விறகு எல்லாம் சேர்த்து 65 ரூபாய் போனால் மிச்சம் 35. நானூறு பொட்டலம் விற்றால் கையில் 14,000. பதினெட்டு பேருக்கு ஜெர்சி செட் தலைக்கு 500 என்றால் 9,000. பாலக்காட்டிலிருந்து தேஞ்ஞிப்பலத்தில் இருக்கும் கோழிக்கோடு பல்கலைக்கழகத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். வேன் வாடகை இரண்டு நாளைக்கு 12,000 ஆகலாம். இருபது பேர் சாப்பாடு தலைக்கு 300 வீதம் இரண்டு நாள், இன்னொரு 12,000. மொத்தம் 33,000. பூட் இதில் சேரவில்லை. பாதிக்கும் மேல் துண்டு விழும். இது நான் போட்ட உத்தேசக் கணக்கு. ஊருக்கு ஊர் தொகை மாறலாம், துண்டு விழுவது மாறாது.

பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகிவிட்டால் பயணப்படியும் சாப்பாட்டுப் படியும் உண்டு. தேர்வாகும்வரை கல்லூரிதான் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்லூரியிடம் இருப்பது மாணவர் கட்டணத்தோடு பிடிக்கும் சின்ன விளையாட்டுத் தொகை. சின்னக் கல்லூரியில் அது வலைக்கும் பந்துக்குமே போதாது. அப்புறம் பி.டி. சாரின் சட்டைப் பைதான்.

இடுக்கியில் தூரம் இன்னும் கொடுமை. மாவட்டத்தில் ரயில் பாதையே கிடையாது. மூணாறு மாணவர் தம் பல்கலைக்கழகமான மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்துக்குப் போக மலை இறங்கிக் கோட்டயம் வரை பஸ்ஸில் போக வேண்டும். பூப்பாறைப் பக்கத்து மாணவருக்கு போடிமெட்டு இறங்கினால் தமிழ்நாட்டு ரயில்: 2023 ஜூனில்தான் போடிநாயக்கனூருக்கு அகலப்பாதை ரயில் வந்தது. ரயில் வந்தது, சலுகை போய்விட்டது. 2020 மார்ச்சில் ரயில்வே நிறுத்தி வைத்த கட்டணச் சலுகைகளில் விளையாட்டு வீரர்களுக்கானதும் ஒன்று. மூணாறு அரசுக் கல்லூரிக்கோ மைதானத்தைப் பற்றி யோசிக்கும் முன்பே வேறு கவலை. 2018 ஆகஸ்ட் பெருமழையில் மண் சரிந்து அதன் கட்டடமே போனது.

லாட்டரிக்கு எதிரில் ஒரு ஆட்டுக்கிடா

கூப்பன் என்பது எல்லையில் பழைய வித்தை. முதல் பரிசு சைக்கிள், இரண்டாம் பரிசு குக்கர். வடம்வலி என்னும் கயிறு இழுக்கும் போட்டி நடத்தும் கிளப்புகள் என்றால் ஆட்டுக்கிடாவும் பழக்குலையும் பரிசு. இடுக்கி, கோட்டயம் மலையோரத்தில் வடம்வலிக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், எந்த லீக் மேட்சையும் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள்.

பாலக்காட்டு எல்லையில் கூப்பன் விற்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. தமிழ்நாடு 2003-ல் லாட்டரியைத் தடை செய்தது. கேரளமோ 1967-லேயே அரசு லாட்டரித் துறையைத் தொடங்கி, இன்றும் தினம் குலுக்குகிறது. அதனால் வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லை தாண்டியதும் வரிசையாக லாட்டரிக் கடைகள். கோயம்புத்தூர், பொள்ளாச்சிக்காரர்கள் அங்கேதான் இறங்குகிறார்கள். கோடி ரூபாய் பம்பர் தொங்கும் இடத்தில் கல்லூரிப் பையனின் குக்கர் கூப்பனை யார் வாங்குவார்? போதாததற்கு, அரசு அனுமதி இல்லாமல் பணம் வாங்கிக் குலுக்கல் நடத்துவது சட்டப்படி குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 294ஏ, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 297. கோயில் திருவிழா முதல் கட்சி மாநாடு வரை எல்லோரும் கூப்பன் அடிக்கிறார்கள், போலீஸ் கண்டுகொள்வதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அந்தப் பணத்தை வங்கியில் போட்டு, ‘இது எங்கள் அணியின் வருமானம்’ என்று எழுத முடியாது.

அடுத்தது கடைக்காரர்கள். சித்தூர் வட்டம்தான் கேரளத்தின் கள்ளுக் களஞ்சியம். தினமும் வண்டி வண்டியாக இங்கிருந்து கள் மற்ற மாவட்டங்களுக்குப் போகிறது. பணம் புழங்கும் தொழில். ஆனால் மாணவன் மார்பில் கள்ளுக் குத்தகைக்காரர் பெயரை எந்தப் பிரின்சிபால் அனுமதிப்பார்? எனவே மிஞ்சுவது ஜவுளிக்கடை, நகைக்கடை, பேக்கரி, டிரைவிங் ஸ்கூல். ஜெர்சியின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் ஊரின் பொருளாதாரம் தெரிந்துவிடும்.

இடுக்கியில் அந்தப் பொருளாதாரம் ஏலக்காய். வண்டன்மேடு, நெடுங்கண்டம், பூப்பாறைத் தோட்டங்களில் பலவற்றுக்கு முதலாளி போடியிலும் கம்பத்திலும் இருப்பார். ஏலம் புற்றடியிலும் போடியிலும் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அப்படி விலை ஏறிய வருஷம் மாணவர்கள் கேட்டதும் கிடைக்கும். விலை விழுந்த வருஷம் “அடுத்த அறுப்புக்கு வா தம்பி” என்பார்கள். பல்கலைக்கழகப் போட்டி அடுத்த அறுப்புவரை காத்திருக்காது.

செவன்ஸ்: கை நிறையக் காசு, காலுக்கு ஆபத்து

வசூலுக்கு அலைய விரும்பாத ஆட்டக்காரனுக்கு இன்னொரு வழி செவன்ஸ். அணிக்கு ஏழு பேர், மரக் கேலரி, மின்விளக்கு, டிக்கெட். மலப்புறமும் பாலக்காடும் இதன் தாய்வீடு. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்களைக் கூட்டிவரும் அளவுக்குக் காசு புரள்கிறது. அணிப் பெயர்களையே பாருங்கள்: அல் மதீனா செர்ப்புளச்சேரி, மெடிகார்டு அரீக்கோடு. புரவலர் பெயர் முன்னால், ஊர்ப் பெயர் பின்னால். ஸ்பான்சர்ஷிப் என்பதை யாரும் இவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அறுவடை முடிந்த வயலில் அவர்களே கண்டுபிடித்த வணிகம் அது.

ஒரு மேட்ச் ஆடினால் மாணவனுக்குக் கையில் காசு. ஆனால் கட்டாந்தரையில், முரட்டு ஆட்டத்தில் கணுக்கால் பிசகினால், அந்த வாரம் நடக்கும் பல்கலைக்கழக இன்டர்ஸோன் போட்டியில் அவன் பெஞ்சில். செவன்ஸ் நடத்துபவரிடம் அவனுக்குக் காப்பீடு கேட்க முடியாது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அதிகாரபூர்வ ஆட்டமும் அல்ல அது. கல்லூரி அவனுக்கு நானூறு ரூபாய் பூட் வாங்கித் தர முடியாததால் அவன் செவன்ஸுக்குப் போனான். போனதால் கல்லூரி தன் ஸ்டிரைக்கரை இழந்தது. பணமில்லாமையின் உண்மையான விலை இப்படித்தான் வசூலாகிறது. நோட்டில் வராத செலவு.

மூணாறில் இதற்கு நேர்மாறான ஒரு மரபு உண்டு. எஸ்டேட் தொழிலாளர் அணிகள் மோதும் ஃபின்லே ஷீல்டு கால்பந்து, வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் காலத்தில் தொடங்கியது. டாடா டீ விலகி, 2005-ல் தொழிலாளர்களையே பங்குதாரர்களாக்கி கண்ணன் தேவன் ஹில்ஸ் கம்பெனி வந்த பிறகும் நடக்கிறது. ஒரு கம்பெனி, ஒரு மைதானம், ஒரு கேடயம், வருஷம் தவறாத ஆட்டம். போனஸுக்காக 2015-ல் பெண் தொழிலாளர்கள் சாலையை மறித்து உட்கார்ந்த அதே மூணாறுதான். கம்பெனி என்றால் கண்ணை மூடிக் கும்பிடும் ஊர் அல்ல. ஆனாலும் கேடயம் நிலைத்திருக்கிறது, ஏனென்றால் அதற்கு ஒரு விலாசம் இருக்கிறது. எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன பிள்ளையின் அணிக்கு அது இல்லை.

பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது?

• கம்பெனிகள் சட்டம் 2013-ன்படி நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி உள்ள கம்பெனிகள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கிராமப்புற விளையாட்டு, தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டு, ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சி அந்தப் பட்டியலில் உண்டு.

• விளம்பரப் பலன் எதிர்பார்த்துச் செய்யும் ஸ்பான்சர்ஷிப் அந்தக் கணக்கில் சேராது. ஜெர்சியில் பெயர் போட்டால் அது விளம்பரச் செலவு.

• பணத்தை வாங்கிச் செலவு செய்யும் அமைப்பு பதிவு பெற்ற சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ இருந்து, வருமான வரி விலக்குக்கான பதிவுகளும் மூன்றாண்டு செயல்பாடும் காட்ட வேண்டும்.

• ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை தந்தால் அதற்கு வருமான வரி விலக்கு கிடையாது.

• இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் போட்டிகளுக்கான ஸ்பான்சர்ஷிப்புக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு.

• வளைகுடாவில் இருக்கும் முன்னாள் மாணவர், இந்தியக் குடிமகனாக, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பும் பணம் ‘வெளிநாட்டு நன்கொடை’ ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் ஆகும்.

கஞ்சிக்கோட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை எவ்வளவு தூரம்?

வரைபடத்தில் மிகப் பக்கம். கஞ்சிக்கோடு கேரளத்தின் பெரிய தொழிற்பேட்டைகளில் ஒன்று. வாளையாரில் மலபார் சிமென்ட்ஸ். சமூகப் பொறுப்பு நிதி வைத்திருக்கும் கம்பெனிகள் அங்கே உண்டு. கொழிஞ்சாம்பாறையிலோ சித்தூரிலோ ஒரு கல்லூரி அணி அந்தக் கதவைத் தட்டினால் முதலில் கேட்கப்படுவது, ‘உங்கள் பதிவு எண் என்ன?’ அணிக்குப் பதிவு எண் ஏது? வங்கிக் கணக்கே கேப்டனின் பெயரில் இருக்கும், அவர் மார்ச்சில் படிப்பு முடித்துப் போய்விடுவார்.

இந்த எல்லையில் கம்பெனிப் பணத்தைச் சந்தேகமாகப் பார்க்கும் பழக்கமும் உண்டு, காரணமில்லாமல் இல்லை. கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில்தான் பிளாச்சிமடை. 2000-ல் வந்த கோக்க கோலா ஆலை கிணறுகளை வற்றடித்தது என்று மக்கள் போராடி, 2004-ல் உற்பத்தி நின்ற ஊர். அந்த ஊர்க்காரர்களிடம் போய் ‘கம்பெனி ஜெர்சி கொடுக்கிறது’ என்றால் இரண்டு தரம் யோசிப்பார்கள். யோசிக்கட்டும்.

இன்னொரு பக்கம் பெரிய பணம் எங்கே போகிறது? ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான சட்டம் வந்து, புரவலராக இருந்த ட்ரீம்11 விலகியதும், 2025 செப்டம்பரில் இந்தியக் கிரிக்கெட் அணியின் ஜெர்சியை அப்போலோ டயர்ஸ் பிடித்தது. தொகை 579 கோடி என்று செய்திகள் வந்தன. அந்தக் கம்பெனியின் முதல் ஆலை பாலக்காட்டுக்கு அடுத்த திருச்சூர் மாவட்டத்துப் பேராம்பிராவில். அதைக் குறை சொல்லவில்லை, வியாபாரி கூட்டம் இருக்கும் இடத்தில்தான் பலகை வைப்பான். கல்லூரி மைதானத்திலும் கூட்டம் சேர்க்கலாம் என்பதற்கு உலகத்தில் உதாரணங்கள் உண்டு. ஜப்பானில் டோக்கியோவிலிருந்து ஹகோனே மலைக்கு ஓடித் திரும்பும் பல்கலைக்கழகத் தொடர் ஓட்டம் 1920-ல் தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரி 2, 3 தேதிகளிலும் நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்கிறது. பெரிய பீர் கம்பெனி ஒன்று புரவலர். அமெரிக்காவில் 2021 ஜூலை முதல் மாணவ வீரர் தம் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம். மலையேறி ஓடும் ஹகோனே ஓட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள்தான் நினைவுக்கு வரும்.

பதக்கம் பெண்களுடையது, ஜெர்சி ஆண்களுக்கு

இந்த மலைகளும் சமவெளியும் உலகத்துக்குக் கொடுத்த பெயர்களைச் சொல்லிப் பார்ப்போம். தொடுபுழாவின் ஷைனி வில்சன், நாலு ஒலிம்பிக் கண்டவர். இடுக்கி கொம்பொடிஞ்ஞாலின் கே.எம். பீனாமோள், 2002 பூசான் ஆசியப் போட்டியில் 800 மீட்டர் தங்கம். அதே போட்டியில் தம்பி பினுவுக்கு வெள்ளி. ராஜாக்காடு பக்கம் முல்லக்கானத்தின் பிரீஜா ஸ்ரீதரன், 2010 குவாங்சோவில் 10,000 மீட்டர் தங்கம், 5,000 மீட்டர் வெள்ளி. பாலக்காடு முண்டூரின் பி.யு. சித்ரா, 2017-லும் 2019-லும் ஆசியத் தடகளத்தில் 1,500 மீட்டர் தங்கம். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் ஓட்டக்காரர்கள்.

கடைவீதியில் கிடைக்கும் பணமோ ஆண்களின் கால்பந்துக்கும் வாலிபாலுக்கும் வடம்வலிக்கும் போகிறது. கூட்டம் அங்கேதான் என்பது கடைக்காரர் சொல்லும் காரணம். தனியாக ஓடும் பெண்ணின் பனியனில் பெயர் போட்டால் யார் படிப்பார்கள்? மாணவிகள் நாற்பது கடை ஏறி இறங்குவதும் மாணவர்கள் ஏறி இறங்குவதும் ஒன்றல்ல. வீட்டில் விட மாட்டார்கள், விட்டாலும் இருட்டும் முன் திரும்பியாக வேண்டும்.

சித்ராவின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் அதன் வரிசையைக் கவனிக்க வேண்டும். விவசாயக் கூலிகளின் மகள். பள்ளி மைதானத்தில் ஒரு பயிற்சியாளர் கண்ணில் பட்டார். 2017 ஜூலையில் புவனேசுவரத்தில் தங்கம் வென்றும் லண்டன் உலகப் போட்டி அணியிலிருந்து விடப்பட்டார். கேரள உயர் நீதிமன்றம் சேர்க்கச் சொன்னது. காலம் கடந்துவிட்டது என்று சர்வதேசக் கூட்டமைப்பு ஏற்கவில்லை. நாடே அவர் பெயரைச் சொன்ன பிறகு அரசின் உதவித்தொகை அறிவிப்பு வந்தது. அதுவரை ஓடியதற்கு யார் பணம் கொடுத்தார்கள்? அந்தக் கணக்கு எந்த அலுவலகத்திலும் இருக்காது.

நீளம் தாண்டும் எம். ஸ்ரீசங்கர் வேறு வகை உதாரணம். பாலக்காடு அரசு விக்டோரியா கல்லூரியில் படித்தவர். 2022 காமன்வெல்த் போட்டியில் 8.08 மீட்டர் தாண்டி வெள்ளி. அப்பா முரளியே பயிற்சியாளர், அம்மா பிஜிமோளும் ஓட்டக்காரர். வீடே முதல் ஸ்பான்சர். லயத்து வீட்டிலும் தென்னந்தோப்புக் கூலி வீட்டிலும் அப்படி ஒரு ஸ்பான்சருக்கு இடமில்லை. ‘கேலோ இந்தியா’வில் தேர்வாகிவிட்டால் ஆண்டுக்கு 6.28 லட்சம், அதில் கைச்செலவுக்கு மாதம் 10,000 என்று மத்திய அரசு தருகிறது. நல்ல தொகை. ஆனால் தேர்வுக்குப் போகும் பஸ் கட்டணம் அதில் வராது.

எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2023-ல் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை தொடங்கினார்கள். கம்பெனியோ தனிநபரோ பணம் போட ஒரே இடம். முதலமைச்சர் கோப்பையில் கல்லூரி மாணவர்களுக்கும் தனிப் பிரிவு. மாநில அளவில் தனிநபர் முதல் பரிசு ஒரு லட்சம். பொள்ளாச்சி மாணவிக்கு அது உண்டு. கோபாலபுரம் சோதனைச் சாவடி தாண்டி, அதே தமிழ் பேசி, சித்தூர் அரசுக் கல்லூரியில் படிக்கும் மாணவிக்கு அது எட்டாது. அவளுக்குத் திருவனந்தபுரம் தூரம், சென்னை அந்நியம்.

ஏழு கையெழுத்து

வழி இல்லாமல் இல்லை. கல்லூரி அணிக்குப் பின்னால் முன்னாள் மாணவர்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு சங்கம் பதிவு செய்தால் போதும். எந்தச் சட்டத்தில் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பாலக்காடு பழைய மலபார் ஜில்லா. அங்கே 1860-ன் சங்கப் பதிவுச் சட்டம். சித்தூர் வட்டம் பழைய கொச்சி ராஜ்ஜியம், இடுக்கி பழைய திருவிதாங்கூர்; அங்கெல்லாம் 1955-ன் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம். ராஜாக்கள் போய் எழுபத்தைந்து வருஷம் ஆகியும் அவர்கள் போட்ட வேலி ஒரு கால்பந்து அணியின் பதிவுப் படிவத்தில் இருக்கிறது.

மாணவர்களையே நிர்வாகிகளாக்கினால் நாலு வருஷத்தில் சங்கம் கலைந்துவிடும். பி.டி. சாரை மட்டும் நம்பினால் அவர் மாற்றலில் போய்விடுவார். ஊரில் தங்கியிருக்கும் பழைய ஆட்டக்காரர், ஒரு கடைக்காரர், கணக்குத் தெரிந்த ஒரு பெண், வளைகுடாவில் இருக்கும் ஒருவர்: இப்படி ஒரு கலவை வேண்டும். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து. ரசீதுப் புத்தகம். ஓட்டக்காரிகளுக்கு இத்தனை பங்கு என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வைப்பது. மூன்று வருஷம் இப்படிக் கணக்குக் காட்டிவிட்டால் கஞ்சிக்கோட்டுக் கதவு திறக்காவிட்டாலும், உள்ளே கூப்பிட்டு உட்காரவாவது சொல்வார்கள்.

இதையெல்லாம் எழுதி முடிக்கும் முன் அந்தச் சாயாக்கடைக்குப் போயிருந்தேன். அண்ணனுக்கு நரைத்துவிட்டது, கல்லாவில் இப்போது மருமகன். பழைய கதையைச் சொன்னேன். இரண்டு நூறு ரூபாய் அவருக்கு ஞாபகம் இருந்தது. கணக்குக் கேட்பார் என்று நினைத்தேன், ரசீது கொடுக்காததற்கு ஒரு மன்னிப்பும் தயாராக வைத்திருந்தேன். அவர் டம்ளரைத் துடைத்து வைத்துவிட்டு, “அது கெடக்கட்டும் தம்பி. அன்னைக்குச் செயிச்சீங்களா, தோத்தீங்களா? ஒருத்தருமே வந்து சொல்லலையே” என்றார்.

முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டோம். மூன்றுக்கு ஒன்று. அந்த ஒரு கோலை எப்படிப் போட்டோம் என்று அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.